கம்புப் பானையில் ஐந்து சீட்டு

"கையைத் தூக்கச் சொன்னா, யாரு தூக்கலன்னு பாத்துக்கினு அப்புறம் கழுத்தைப் புடிப்பீங்க. வேணாம்பா" என்றாள் துர்கா.

"அப்ப வாட்ஸ்அப்புலயே ஓட்டு வெச்சுக்கலாம்" என்றான் விமல்ராஜ்.

"குரூப்புல கோதண்டம் அண்ணா நம்பர் இன்னும் இருக்குதே. எடுக்க யாருக்கும் மனசு வரல. அவரும் ஓட்டுப் போட்டுட்டா?" என்றான் ஸ்ரீபாலன்.

சிரிக்கப் போனவர்கள், மூடிக் கிடந்த புறாக்கூண்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் புறா வளர்ப்போர் சங்கம் வேண்டும் என்று துடித்தவர், இந்த மாடிக்குச் சொந்தக்காரரான நெசவாளி கோதண்டபாணி. பஸ் டிக்கெட் கிடைத்தால்கூடத் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற மாதிரி இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே பேசுவார். சங்கம் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"தலைவரா வர்றவரே எங்க வூட்டுக்காரர் புறாவ எடுத்துக்கினு போங்க" என்று அவர் மனைவி கிருஷ்ணவேணி சொல்லியிருந்தாள்.

தலைவர் போட்டியில் நின்றவர்கள் விமல்ராஜும் கலைவாணனும். கலைவாணனுக்குப் பதவி ஆசை கிடையாது. வீட்டிலேயே அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. ஆனால் கோதண்டபாணி படுத்ததிலிருந்து அந்தப் புறாக்களுக்குத் தீனி வைப்பவர் அவர்தான். விமல்ராஜ் கைக்குப் போனால் பந்தயத்துக்கு விடுவான், தோற்றதை விற்றுவிடுவான்.

"உத்திரமேரூர்ல அந்தக் காலத்துலயே குடத்துலதான் ஓலை போட்டாங்க. நாமளும் பானையில சீட்டு போடுவோம்பா" என்று ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். கோதண்டபாணி கம்பு வைத்திருந்த பானை வந்தது.

இருப்பதே நாலு பேர். துர்கா கலைவாணன் பக்கம், ஸ்ரீபாலன் விமல்ராஜ் பக்கம், சமமாகத்தான் முடியும். அதனால் கலைவாணன் தம் பெயரை இரண்டு சீட்டில் எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முறை வந்ததும், கிழிந்த நோட்டை உண்டியலில் சேர்க்கிறவர்போல் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டார்.

துர்கா பானையைக் கவிழ்த்தாள். ஐந்து சீட்டு! நாலு மடித்தவை. ஒன்று சுருட்டியது, நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது.

கலைவாணனுக்கு மூன்று. விமல்ராஜுக்கு இரண்டு.

"எவன்பா கள்ள ஓட்டு போட்டது?" விமல்ராஜ் எகிறினான். "ஏன், கோதண்டம் அண்ணா எழுந்து வந்து போட்டாரா?"

கூண்டுக்குள் இறக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் படபடத்தன. ஸ்ரீபாலன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

செத்தவர் பெயரை வம்புக்கு இழுத்ததைக் கலைவாணனால் தாங்க முடியவில்லை.

"அவர விட்டுடுப்பா. நான்தான் ரெண்டு சீட்டு போட்டேன். புறாவ நீயே எடுத்துக்கோ" என்றவர், கண்ணைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே, நான்காக மடித்த காகிதம் ஒன்று தரையில் விழுந்தது.

துர்கா அதைப் பிரித்துப் பார்த்தாள். கலைவாணன் பெயர். பிறகு அந்தச் சுருட்டிய சீட்டைப் பார்த்தாள்.

"அண்ணா... நீ ஒண்ணுதான் போட்டிருக்க."