எட்டாவது ஜன்னல்

வீட்டு ஜன்னல்களை எண்ணி ஜன்னல் வரி எழுத வந்த அதிகாரி பெவன், ராட்னர் மலைச்சரிவில் தனியாக நின்ற கெசையாவின் பண்ணை வீட்டை வெளியே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “எட்டும்மா” என்றார்.

“ஏழுதான் ஐயா. கல்யாணமாகி வந்ததுலேருந்து நான்தானே துடைக்கிறேன்?”

ஏழு வரை வரி கிடையாது. எட்டானால் கட்டியாக வேண்டும். இருவரும் உள்ளே போய் அறை அறையாக எண்ணினார்கள். ஏழுதான் இருந்தது. வெளியே வந்தால் பின்பக்க மேல்சுவரில் இன்னொன்று தெரிந்தது. உள்ளே அந்த இடத்தில் வெறும் சுவர்.

“எனக்கு எதுக்கும்மா வம்பு? அதை அடைச்சிடுங்க. ஏழுன்னே போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் பெவன் குதிரை ஏறினார்.

மறுநாள் வந்த கொத்தனார் மெரெடித் அந்தப் பக்கத்துக்குப் புதியவர். கல்லோடு ஏணியில் ஏறியவர் உடனே இறங்கிவிட்டார்.

“உள்ள ஒருத்தர் பூட்ஸ் மாட்டிக்கிட்டிருக்காரும்மா. அவர் கிளம்பட்டும், அப்புறம் அடைக்கறேன்.”

கெசையாவின் கணவர் ரீஸ் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அவர் இடது கைக்காரர்.

“எந்தக் கையால பூட்ஸ் கயிறு கட்டறாரு?” என்று கேட்டாள்.

“இடது கையாலம்மா.”

“அடைக்க வேணாம். கூலியை வாங்கிக்கிட்டுப் போங்க.”

வரிக்காகப் பன்றியை விற்றாள். நாற்காலியைப் பின்முற்றத்தில் கொண்டுவந்து போட்டாள். கீழிருந்து பார்த்தால் கண்ணாடியில் மேகம்தான் தெரிந்தது. கம்பளி பின்னியபடி, எந்த ஆடு குட்டி போட்டது, சந்தையில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்றெல்லாம் மேலே பார்த்துச் சொல்வாள். சொல்லிவிட்டு, ஊசிகளை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் காத்திருப்பாள்.