பதினொரு மணிக்கு இடது டேங்க்

"ஒன்பது நாளா இதே கதை! மணி பதினொண்ணு அடிச்சா உனக்குத் தூக்கம் வந்துடுமா?"

இந்த மாசம்தான் மாற்றலாகி வந்திருந்த சூப்பர்வைசர் ஸ்ரீதர் தாள்களை மேஜையில் வீசினான். மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறந்துட்டேன் சார்."

"மறக்கறதுக்குக்கூடவா ஒருத்தி கடிகாரம் பார்ப்பா?"

1991. வாலாஜாபாத் ரோட்டில் இருந்த அந்தச் சின்ன ஃபேக்டரியில், சண்டை விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான சிமுலேட்டர் தயாராகிக்கொண்டிருந்தது. விமானி உட்காரும் சீட்டும் பேனலும் மட்டும்தான். எதிரே டி.வி. பெட்டியில் வானம் ஓடும். இறக்கை கிடையாது, ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. ஆனாலும் பெட்ரோல் முள் இறங்கும்! இடது டேங்க், வலது டேங்க் என்று மாற்றி மாற்றிக் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் ஒரு குரல் எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தால் டெஸ்ட் ஃபெயில். பிரிண்டர் உடனே கோள் சொல்லிவிடும்.

அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. வடக்குப்பட்டு மெர்சிக்கோ தினமும் எட்டு மணி நேரம் அதை ஓட்டுவதுதான் வேலை.

"சனிக்கிழமை உனக்கு பர்மனென்ட் ஆர்டர். நான் கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. நாளைக்கும் அந்தக் குரல் வந்தா, நீ வீட்டுக்குப் போயிடலாம்."

மெர்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். மூன்று தங்கைகள் அவளுக்கு. அந்த ஆர்டரை நம்பித்தான் வீடே உட்கார்ந்திருந்தது.

அவள் போனதும், பக்கத்து பெஞ்ச் கங்கா மெதுவாக வந்தாள்.

"அவளத் திட்டாதீங்க சார். அவ மறக்கல. அவருதான் கையப் புடிச்சுக்கிறாரு."

"எவரு?"

"கோதண்டம் அண்ணன். பேனல் மெக்கானிக். டெஸ்ட் முடியற வரிக்கும்னு அவரு குரலத்தான் மெஷின்ல ஏத்தி வெச்சிருந்தாங்க. போன மாசம் இதே சீட்ல உக்காந்துகினு இருந்தவரு, அப்பிடியே சாஞ்சிட்டாரு சார். மணி பதினொண்ணு."

"போம்மா, வேலையப் பாரு! ஆவியாம், கையப் புடிக்குதாம்!"

அதட்டிவிட்டான். ஆனால் நேற்று அந்தக் குரலை அவனும் கேட்டிருந்தான். ஜன்னல் இல்லாத ஹால். ஆளுக்குப் பின்னால் நின்று பேசுகிற மாதிரி, கரகரவென்று, "டேங்க் காலி ஆவுது… மாத்தும்மா… மாத்து…" செத்தவன் குரல் என்று அப்போது தெரியாது. தெரிந்த பிறகு, அன்று ராத்திரி ஸ்ரீதருக்குச் சோறு இறங்கவில்லை.

சீக்கிரம் டெஸ்ட் பாஸாக வேண்டும். பாஸானால் அந்தக் குரலை அழித்துவிட்டு இங்கிலீஷ் குரல் ஏற்றுவார்கள். சனியன் விட்டுது!

மறுநாள் பத்து ஐம்பதுக்கே மெர்சியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான்.

டி.வி.யில் வானம் ஓடியது. இடது டேங்க் முள் இறங்கிக்கொண்டே வந்தது. மெர்சியின் கை மடியில் கிடந்தது, நகரவே இல்லை.

"மாத்து."

அசையவில்லை.

"மெர்சி, உன்னத்தான். மாத்து!"

"ஒரே ஒரு நிமிஷம் வுடுங்க சார். அப்புறம் நானே மாத்திடறேன்."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்." அவள் குரல் உடைந்தது. ஆனாலும் கை வரவில்லை.

யார்தான் பிடித்திருக்கிறார்கள் அந்தக் கையை? பாய்ந்து குமிழை அவனே திருப்பினான். வலது டேங்க். முள் நிமிர்ந்தது. விமானம் நேராகப் போனது.

பதினொன்று.

குரல் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விட்டான்.

அப்போதுதான் பார்த்தான். பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே இரண்டு வெறுங்கால்கள். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அப்படியே நின்றன. மெர்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கதவை இழுத்தான்.

ஒரு பெண். கையில் டீ கெட்டில், பொட்டில்லாத நெற்றி. அவன் நிற்பதையே அவள் கவனிக்கவில்லை. சுவரில் இருந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ?"

"கேன்டீன்ல புச்சா வேலை போட்டுக் குடுத்தாங்களே சார், மரகதம்…" என்றவள், அவனைத் தாண்டி மெர்சியைப் பார்த்துக் கேட்டாள்.

"மணி ஆயிடுச்சே மெர்சி… எங்க வூட்டுக்காரரு இன்னிக்குப் பேசலியா?"

மெர்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்ரீதரைப் பார்த்தாள்.

ஸ்ரீதர் திரும்பி நடந்தான். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த விமானத்தின் குமிழைப் பிடித்து, காலியாகப் போகிற இடது டேங்க்குக்கே திருப்பி வைத்தான்.

"இப்பப் பேசுவாரும்மா. நீங்க உள்ள வந்து உட்காருங்க."