பின்தங்கிய பகுதி
கிளியனூர் மல்லாட்டைக் கொல்லையில் நிற்பவர்கள் மூவர்: சுப்பராயலு, அவர் மனைவி பாஞ்சாலி, ஃபேக்டரிக்கு நிலம் கேட்டு விழுப்புரத்திலிருந்து வந்திருக்கும் ராஜாமணி. சாயங்கால வெயில் நிலக்கடலை இலைகளின் மேல் மஞ்சள் தண்ணீராய் மிதக்கிறது. எங்கோ ஒரு பம்புசெட் தூக்கத்தில் முனகுகிறது. அவர்கள் மகனுக்கு ஃபேக்டரியில் வேலை உண்டு என்று ராஜாமணி சொல்லிவிட்டார். "இது பின்தங்கிய பகுதிங்க. இங்க கம்பெனி வச்சா கவர்மெண்டு வரியில சலுகை குடுக்குது." சுப்பராயலுவின் முதுகு நிமிர்கிறது. "எங்க வூட்டுல நெலவரி கிஸ்தி கட்டாம ஒரு வருசம் நின்னதில்ல. யாருய்யா பின்தங்கினது?" பாஞ்சாலி முந்தானைக்குள் சிரிக்கிறாள். "பொண்ணு கேட்டு வந்தவரு, பொண்ணு அழகில்லன்னாதான் கட்டுவேன்னு சொல்லிக்கினு நிக்கிறாரு." "அந்தப் பேருக்கு எங் கொல்லைய தரமாட்டேன்." சுப்பராயலு வரப்பில் ஒதுங்கி, வந்தவர் திரும்பிப் போக வழி விடுகிறார். பொன்னிறத் தூசு மெல்ல அடங்குகிறது. விலை படியாமல் பேச்சு முறிந்ததாகப் பிறகு பக்கத்து ஊரான திண்டிவனத்தில் சொல்கிறார்கள். விலை பேசப்படவே இல்லை.