ஒன்பது கொப்புகள்

அன்று தன்னாமுனையிலிருந்து வாடகை வான் ஒன்றில் மாங்கேணிப் பக்கக் காட்டுக்கு வந்தவர்கள் ஏழு பேர். நல்லரத்தினம், மனைவி இரத்தினம்மா, மகன் தனோஜன், மருமகள் யசோதினி, எட்டு வயதுப் பெரிய பேத்தி, மூன்று வயதுச் சின்னப் பேத்தி. ஏழாவது ஆள் வான் ஓட்டிவந்த றமீஸ்.

இறங்கியதும் நல்லரத்தினம் தலைகளை எண்ணினார்.

"என்னைக் கழிச்சு எண்ணுங்க ஐயா," என்றான் றமீஸ். "நான் வானைச் சுத்திக் கொண்டுபோய் மற்றப் பக்கக் குளக்கட்டில நிக்கிறன். பயப்படாதீங்க, எங்கட ஊர் காத்தான்குடிக்கு ஓடமாட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். கழித்தால் ஆறு.

பிள்ளைகுட்டிகளோடு நடக்கவென்று ஒழுங்கு செய்த இரண்டு மைல் காட்டுப் பாதை அது. வாசலில் ஒரு பலகை: 'மரம், கொப்பு முறிப்பது குற்றம்.' நல்லரத்தினம் அதை இரண்டு தரம் வாசித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுதிப் போட்டதை மீறிப் பழக்கமில்லாதவர்.

சின்னவள் பத்தடிக்கு ஒரு தரம் குந்திக்கொண்டாள். தனோஜனும் யசோதினியும் அவளோடு பின்தங்கிவிட்டார்கள். மற்ற மூவரும் முன்னால் நடந்தார்கள்.

பாதை முதல் தரம் இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒரு பெண் நின்றாள். கத்தியால் பச்சைக் கொப்பொன்றை வெட்டி, இடப்பக்கப் பாதைக்குக் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தாள்.

நல்லரத்தினம் கூச்ச சுபாவக்காரர். அரசாங்கக் கந்தோருக்குப் போனால் வாசலிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் காலில் செருப்பில்லாத அந்தப் பெண்ணைக் கண்டதும் குரல் நன்றாகவே எழுந்தது.

"இஞ்ச புள்ள! வாசல்ல எழுதிக் கிடக்கிறது கண்ணுக்குத் தெரியல்லியா?"

"எனக்கு எழுத்துத் தெரியாது ஐயா. இது காட்டுக் கந்தோர் சேர்தான்..."

"செய்யிறதையும் செய்துபோட்டு சேரை ஏன் இழுக்கிறாய்? உங்களால்தான் காடு அழியுது!"

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு வலப்பக்கப் பாதையில் திரும்பினாள். விறுவிறென்று முன்னால் நடந்து மறைந்துவிட்டாள்.

"அவ சொல்ல வந்ததைக் கேட்டிருக்கலாமே," என்றாள் இரத்தினம்மா.

"கேக்க என்ன கிடக்கு? கொப்பு இன்னும் பச்சையாக் கிடக்கு!"

கொப்பை இழுத்துப் பற்றைக்குள் எறிந்தார். "ஒண்டு," என்றார்.

பாதை பிரிந்த இடமெல்லாம் அதே போலக் குறுக்கே ஒரு கொப்பு. பெரியவள் எண்ண எண்ண, அவர் அதை இழுத்து எறிந்துவிட்டுத் திறந்து கிடந்த மற்றப் பாதையால் நடந்துகொண்டே போனார். "எட்டு, அப்பப்பா!" என்று அவள் கத்தியபோது அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒன்பதாவதைக் கண்டும் குனிய முடியவில்லை.

"அது கிடக்கட்டும், வாங்க," என்று இரத்தினம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

குளக்கட்டில் றமீஸ் நின்றான். மரநிழலில் கதிரை போட்டுக் காட்டு உத்தியோகத்தர் பாக்கியராசா இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து அதே பெண் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

முறைப்பாட்டை எப்படித் தொடங்குவது என்று நல்லரத்தினம் மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் உத்தியோகத்தரே முந்திவிட்டார்.

"வாங்க ஐயா. வழி மாறாம வந்து சேர்ந்திட்டீங்க. ராத்திரி ஆனை வந்து அம்புக்குறிப் பலகையெல்லாத்தையும் விழுத்திப்போட்டுது. அதுதான் இந்தச் சீனிப்பிள்ளையை விட்டு, போகக்கூடாத பாதைக்கெல்லாம் கொப்புப் போட்டு அடைக்கச் சொன்னன். கடைசிச் சந்தியில இடப்பக்கம் திரும்பினா நேரே ஆனை தண்ணி குடிக்கிற மடுதான்."

நல்லரத்தினம் தலைகளை எண்ணினார். இரத்தினம்மா, பெரியவள், தான். மூன்று. போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"சேர், மகனும் மருமகளும் சின்னப் பிள்ளையோட உள்ளுக்கு நிக்கிறாங்க," என்றாள் இரத்தினம்மா.

சீனிப்பிள்ளை கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

அரை மணித்தியாலத்தில் நாலு பேராக வந்தார்கள். சின்னவள் சீனிப்பிள்ளையின் இடுப்பில் இருந்தாள்.

"என்ன சேர் இது, வழியில ஒரு அடையாளமும் இல்ல!" என்று தனோஜன் வெடித்தான். "மூண்டு இடத்தில பிழையாப் போய்த் திரும்பி வந்தம். கடைசியா ஒரேயொரு கொப்புக் கிடந்தது. யசோ மறிச்சிராட்டி அதையும் தாண்டிப் போயிருப்பன்."

"எங்கட அப்பா காட்டுச் சேனைத் தோட்டத்தில பாதை அடைக்கிறது இப்பிடித்தான்," என்றாள் யசோதினி. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

உத்தியோகத்தர் சீனிப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "ஒன்பது சந்திக்கும் போட்டன் எண்டுதானே சொன்னாய்? பிள்ளைகள் நடக்கிற பாதை இது. உன்னை நம்பி இனி வேலை தரலாமா? உண்மையைச் சொல்லு, எத்தனை போட்டாய்?"

சீனிப்பிள்ளை நல்லரத்தினத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவளைப் பார்த்தாள்.

"ஒண்டுதான் சேர்," என்றாள். "மற்றதுக்கு நேரம் காணல்ல."

"இல்ல, அப்பப்பாதான்..." என்று பெரியவள் தொடங்கினாள்.

நல்லரத்தினம் அவளுடைய கையை இறுக்கினார். அவர் எண்ணிச் செய்ததல்ல அது. பிள்ளை நோவில் நெளிந்தது. இரத்தினம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அவருக்கு நாக்கு அசைந்தது.

"சேர்... அவ போட்டது ஒன்பது. எட்டை எடுத்து எறிஞ்சது நான். எனக்கு இடுப்புப் பிடிச்சதால மிஞ்சினதுதான் அந்த ஒண்டு."