இருநூற்றுப் பத்து ரீப்பர்கள்

புதுப்பட்டினத்தில் பூபாலனுக்கு அரை ஏக்கர் சவுக்குத் தோப்பு. அவன் பெயரிலேயே பட்டா. மரங்கள் தொடைக் கனம்தான். ஆனாலும் மோட்டாரும் ரம்பமும் வைத்து, கட்டப்போகும் வீட்டின் ஓட்டுக் கூரைக்கு ரீப்பர் சட்டங்களைத் தானே அறுத்துக்கொண்டிருந்தான். ரீப்பர் வளைந்தால் ஓடு உட்காராது; அவ்வளவும் அடுப்புக்குத்தான்.

சின்ன மரத்தை அறுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே பக்கம் சீவிக்கொண்டே போனால் மிச்சம் வில்லாக வளையும். இந்தப் பக்கம் ஒரு சீவல், உடனே புரட்டி அந்தப் பக்கம் ஒரு சீவல் என்று எடுத்தால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகி, நடுத்துண்டு நேராக நிற்கும்.

கடைசி ரீப்பரை அறுத்த அன்று வனத்துறை ஜீப் வந்தது. பின்னாலேயே ஒரு லாரி.

“கடற்கரையில கவர்மென்ட் வச்ச சவுக்கைத் திருடி அறுக்குறியாமே? பெட்டிஷன் வந்திருக்கு,” என்றார் ரேஞ்சர் சுப்பிரமணி.

“என் நெலத்து மரம் சார். அடிக்கட்டைய எண்ணிப் பாரு.”

“அதை சர்வேயர் வந்து சொல்லட்டும். சரக்கை ஏத்துங்கப்பா!”

பூபாலனின் மனைவி மார்கரெட் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். “எந்தக் கட்டைல போறவன் எழுதிப் போட்டானோ! பக்கத்துத் தோப்பு ஞானதாஸாத்தான் இருக்கும்.”

“சார், இருநூத்திப் பத்து ரீப்பரும் நேரா கீதுன்னு மகஜர்ல எழுதிக்கோ,” என்றான் பூபாலன். “ஒண்ணு வளைஞ்சாலும் கோர்ட்டுல கேப்பேன்.”

கோர்ட் என்றதும் ரேஞ்சர் லாரியைக் கிளப்ப வேண்டாம் என்று கை காட்டினார். “வளையாம எப்படிய்யா வைக்கிறது?”

பூபாலன் பொறுமையாக விளக்கினான். பச்சை மரம் காயும்போதுதான் முறுக்கிக்கொள்ளும். தரை மட்டமாக இருக்க வேண்டும். வெயிலும் மழையும் படக்கூடாது. காற்று மட்டும் பட வேண்டும். வரிசைக்கு வரிசை குறுக்கே குச்சிகள், அவையும் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக. உச்சியில் நல்ல பாரம். நாலு மாதம் யாரும் தொடக்கூடாது.

வனத்துறைக் கொட்டகையில் காவலர்கள் நாலு பேர் வியர்க்க வியர்க்க அப்படியே அடுக்கினார்கள். பாரத்துக்கு எல்லைக் கற்களை ஏற்றினார்கள். வாசலில் காவலும் போட்டார்கள்.

ஐப்பசி மழையில் பூபாலனின் ஓலைக் குடிசை ஒழுகியது. தோப்பில் முழங்கால் தண்ணீர். மார்கரெட் ஒரு நாள் விடாமல் ஞானதாஸைத் திட்டினாள்.

தை மாதம்தான் சர்வேயர் வந்தார். அத்தனை அடிக்கட்டையும் பட்டா நிலத்துக்குள்ளேயே இருந்தது. கேஸ் நிற்கவில்லை. ரேஞ்சரே லாரியோடு வந்து சரக்கை இறக்கினார்.

பூபாலன் ஒரு ரீப்பரை எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி நுனிவரை பார்த்தான். நூல் பிடித்தாற்போல் இருந்தது.

“மனசுல வச்சுக்காதய்யா. மொட்டை பெட்டிஷனை நம்பி ஏமாந்துட்டோம். எழுதினவன் மட்டும் கையில கிடைச்சா உள்ள தள்ளிடுவேன்,” என்றார் ரேஞ்சர்.

“வுடு சார், பாவம். அவனுக்கு இன்னா கஷ்டமோ!”

ஒழுகாத கூரையும் ஓசிக் காவலும் உள்ள கொட்டகை ஊரில் வேறெங்கும் கிடைக்காத கஷ்டத்தில்தான், அந்தப் பெட்டிஷனை இடது கையால் எழுதிப் போட்டிருந்தான் பூபாலன்.