தம்பியுடையதைவிட ஒரு படி மேலே

காஜாங்கில் இருக்கும் தம்பி, பாட்டுக் கேட்க ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இணைக்கும் பேலன்ஸ்டு ப்ரீஆம்ப் ஒன்று வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து முகுந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல் கிள்ளானிலிருந்து கிளம்பி, பிரிக்பீல்ட்ஸ் ஹை-ஃபை கடையில் வந்து நின்றார்.

“அவன் வாங்கினதைவிட ஒசத்தியா காட்டுங்க, பாஸ். எங்க அப்பாவோட பவர் ஆம்புக்குப் பொருந்தணும்.”

கடைக்காரர் ஆசிம் ஒரு பெட்டியைப் பிரித்தார். “இதுதான் டாப் லா. பின்னால லெஃப்ட், ரைட்னு இரைச்சல் வராத ரெண்டு பேலன்ஸ்டு அவுட்புட் இருக்கு. உங்க ஆம்ப் படம் வச்சிருக்கீங்களா?”

முகுந்தன் பெருமையாகக் கைப்பேசியை நீட்டினார்.

ஆசிம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “அண்ணே, இது ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் ஓடற ஆம்ப். ஜோடியாத்தான் வரும். இன்னொண்ணு எங்க?”

“தம்பிகிட்ட. அப்பா போனதும் ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கிட்டோம்.”

“அப்ப ஒருத்தருக்கு லெஃப்ட், ஒருத்தருக்கு ரைட்னு ஆளுக்குப் பாதிப் பாட்டுதான் கேக்கும். ரெண்டையும் ஒரே வீட்டுல வைங்க. அவரு வாங்கின ப்ரீஆம்பே போதும்.”

முகுந்தன் கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“பாடறவங்க குரல் எந்தப் பாதியில நல்லா கேக்கும், பாஸ்? அவன்கிட்ட இருக்கறதுலயா?”