உடன் உண்ண ஓர் ஆள்

தனியாக வாழும் சர்க்கரை நோயாளிகளுக்கு இப்போதெல்லாம் மாத்திரையோடு இன்னொன்றும் எழுதுகிறார்கள்: மதியம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள். ஒருங்கிணைந்த மருத்துவம் என்று அதற்குப் பெயர். அப்படிப் போய் உடன் உட்காருவது குடும்ப மருத்துவம் படிக்கும் பயிற்சி டாக்டர்களின் வேலை.

டாக்டர் ஷமீமாவுக்கு வாய்த்தவர் சற்குணம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் குழம்பை ஊற்றுவார். அவருக்குச் சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது.

சற்குணம் வீட்டுக்கு அடுத்த தெருவில் தனியாக இருந்த அவளுடைய வாப்பாவுக்கும் இதே மருந்துதான். தன்னையே அங்கே அனுப்பச் சொல்லித் துறைத் தலைவரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"சொந்தக்காரங்களுக்கு நாம வைத்தியம் பாக்கக் கூடாதும்மா. ஒனக்குத் தெரியாததா?" என்றார் அவர். வாப்பா வீட்டுக்கு வேறொரு பயிற்சி டாக்டர் போனான்.

இன்று சற்குணம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாப்பா போனில் கூப்பிட்டார்.

"வாப்பா, இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு கெடச்சிருக்கு. மத்தியானம் வந்துருதேன், சேந்து சாப்பிடுவோம்."



"வேண்டாம்மா. வீட்டாள்கூட உக்காந்து சாப்பிட்டா, தொணைக்கு ஆளிருக்குன்னு மருந்த நிறுத்திருவாங்களாம். திங்கக்கெழமையில இருந்து நான் யாருகூட சாப்பிட?"



"வாங்க டாக்டர், சோறு ஆறுது" என்று உள்ளேயிருந்து சற்குணம் கூப்பிட்டார்.

அவள் போய் உட்கார்ந்தாள். அவர் குழம்பை ஊற்றினார்.